பழைய பிக்கப் வண்டிக்குப் புதிய கிளச்சுப் பூட்டும் முறை

எமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபோது, இலக்கியம், சமயம் ஆகியவற்றைப் பற்றி எழுதுதற்கு ஏற்ற தகுதி எமக்கு இல்லையே எனத் தயங்கினோம். “நீங்கள் நாள்தோறும் செய்யும் தொழிலைப் பற்றியே எழுதுங்கள். எம் மாணவர் பௌதிக நூலிற் படிக்கும் உராய்வு விதி, கராஜிலே எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதை அறிந்துகொள்ளட்டும்” என அவர்கள் கூறினர். அக்கூற்றை ஏற்று, எம்மிடம் அடிக்கடி வந்து சேரும் வேலையொன்றனையே பாடமாக எழுத முற்பட்டோம்.

நம் நாட்டிற் பழைய வண்டிகளைக் கைவிடுவோர் குறைவு. 1990ஆம் ஆண்டின் பின் வடபகுதியிற் பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில் எரிபொருளும் உதிரிப்பாகங்களும் கிடைத்தற்கு அரியனவாயின. அக்காலத்தில் மண்ணெண்ணெயிலே ஓடி நம் மக்களைச் சுமந்தவை பழைய ஒஸ்ரினும் மொறிஸ் மைனருமே. பின்னர், 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது; தனியார் வாகனங்களுக்கு 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்திற் பழைய வண்டியின் மதிப்பு மேலும் உயர்ந்தது. எனவே, அவ்வண்டியை முறையாகத் திருத்த அறிதல் இன்றும் பயனுடைய கல்வியே.

கிளச்சு மாற்றும் வேலையிற் கைத்திறனினும் பொறுமையே பெரிதும் வேண்டப்படும். பழைய தட்டைக் கழற்றிப் புதிய தட்டை இடுதல் ஒரு நாள் வேலை. ஆனால், பழைய தட்டு ஏன் கெட்டது என்று அறியாது புதியதை இடுவோமாயின், அதே வேலையை இரண்டாம் முறையும் செய்ய நேரும். இக்கட்டுரையின் உட்கிடை இதுவே.

கிளச்சின் இயல்பு

எஞ்சின் சுழன்றுகொண்டிருக்கும்போதே வண்டியை நிறுத்தவும், கியர் மாற்றவும், மெல்ல மெல்லப் புறப்படச் செய்யவும் வேண்டும். இதற்காக எஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் இடையே வேண்டியபோது பிரியவும் வேண்டியபோது பற்றவும் வல்ல ஓர் இணைப்பு அமைந்துள்ளது. அதுவே கிளச்சு.

அதன் உறுப்புக்கள் சிலவே. எஞ்சினின் கிராங்குத் தண்டின் பின்முனையிற் பிளைவீல் எனப்படும் கனத்த சில்லு பூட்டப்பட்டிருக்கும். அதன் முகத்தை ஒட்டிக் கிளச்சுத் தட்டு இருக்கும். தட்டின் இரு பக்கத்தும் உராயும் பொருள் தறையாணிகளாற் பொருத்தப்பட்டிருக்கும். தட்டின் நடுத்துளையில் உள்ள வரிப்பற்கள் கியர்ப்பெட்டியின் முன்தண்டில் உள்ள வரிப்பற்களோடு பொருந்தி, முன்னும் பின்னும் வழுக்கத்தக்கனவாய் அமையும். தட்டின் பின்னே அழுத்தத் தட்டு உளது. அதனைச் சுருள் விற்கள் பிளைவீலை நோக்கி அழுத்திக்கொண்டிருக்கும். ஓட்டுநர் மிதியை மிதிக்கும்போது, திறஸ்ற் பெயரிங் எனப்படும் உறுப்பு நெம்புகோல்களைத் தள்ள, அழுத்தத் தட்டுப் பின்வாங்கும். அப்போது கிளச்சுத் தட்டு இரண்டிற்கும் நடுவே விடுபட்டு நிற்கும்.

இவ்விணைப்பு எவ்வளவு முறுக்கத்தைத் தாங்கும் என்பதை மாணவர் எளிதிற் கணிக்கலாம். உராய்வுக் குணகம், அழுத்தும் விசை, உராயும் வளையத்தின் சராசரி ஆரை, உராயும் முகங்களின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் பெருக்கினால் அது கிடைக்கும். 1098 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய மொறிஸ் மைனர் எஞ்சினின் உச்ச முறுக்கம் 60 இறாத்தல் அடி; அஃதாவது ஏறத்தாழ 81 நியூற்றன் மீற்றர். உராய்வுக் குணகத்தை 0.3 எனவும், சராசரி ஆரையை 75 மில்லிமீற்றர் எனவும் கொள்வோம். முகங்கள் இரண்டு. எனவே, அழுத்தும் விசை குறைந்தது 1800 நியூற்றன் ஆதல் வேண்டும். அது மூன்றரை அந்தருக்குச் சற்று மேற்பட்ட நிறைக்கு ஒப்பாகும். உற்பத்தியாளர் இதற்கு மேலும் ஓரளவு கூட்டியே விற்களை அமைப்பர்.

இனி, அத்தட்டின் மேல் எண்ணெய் படிந்து, உராய்வுக் குணகம் 0.1 ஆகக் குறைந்தது எனக் கொள்வோம். விற்கள் புதியனவாயினும், தட்டுத் தேயாததாயினும், அக்கிளச்சு தாங்கும் முறுக்கம் 27 நியூற்றன் மீற்றரே. மூன்றில் இரு பங்கு வலிமை எண்ணெய்க்கே இரையாகிவிடும். இக்கணக்கை மாணவர் நினைவில் வைத்துக்கொள்வாராக. பின்னர் இதனிடம் மீளுவோம்.

எடுத்துக்கொண்ட வண்டி

முறையை விளக்குதற்கு மொறிஸ் மைனர் பிக்கப்பை எடுத்துக்கொள்கின்றோம். மொறிஸ் மைனர் 1948ஆம் ஆண்டில் அலெக் இசிகோனிஸ் என்பாரின் வடிவமைப்பில் வெளிவந்தது. அதன் கால் தொன் பிக்கப் 1953ஆம் ஆண்டிற் பிறந்தது. கால் தொன் என்பது 5 அந்தர். நம் ஊரில் அவ்வளவோடு நிறுத்தினோர் எத்தனை பேர் என்பதை வாசகரே அறிவர்.

948 கன சென்ரிமீற்றர் எஞ்சின் உடையனவற்றிற்கு ஆறேகால் அங்குலத் தட்டும், 1962ஆம் ஆண்டின் பின் வந்த 1098 எஞ்சின் உடையனவற்றிற்கு ஏழேகால் அங்குலத் தட்டும் உரியன. ஆயினும், வண்டியின் ஆண்டை மட்டும் நம்பிப் பாகம் வாங்கலாகாது. இத்தனை ஆண்டுகளில் எஞ்சின் மாற்றப்படாத வண்டி அரிது. எஞ்சின் இலக்கத்தைப் பார்த்தும், கழற்றிய தட்டை அளந்தும் வாங்குவதே தக்கது. இங்கே கூறப்படும் முறை, சிற்சில வேறுபாடுகளுடன், பின்சில்லுகளாற் செலுத்தப்படும் பிற பழைய பிக்கப் வண்டிகளுக்கும் பொருந்தும்.

குற்றம் அறிதல்

கிளச்சின் குற்றங்கள் மூவகைப்படும்.

முதலாவது, வழுக்குதல். ஏற்றத்திலும் பாரத்திலும் எஞ்சின் இரைந்து விரைய, வண்டி விரையாது நிற்கும். கருகிய மணம் எழும். தட்டுத் தேய்ந்தாலும், எண்ணெய் படிந்தாலும், மிதியில் இருக்கவேண்டிய தளர்வு அற்றுப்போனாலும் இது நிகழும். மிதியின் தளர்வு என்பது, பெயரிங் நெம்புகோலைத் தொடுமுன் மிதி வெறுமனே செல்லும் தூரம். அஃது அறவே இல்லையெனின், ஓட்டுநர் மிதிக்காதபோதும் கிளச்சு அரைப்பங்கு மிதிக்கப்பட்டதாகவே இருக்கும். ஆதலின், வண்டியின் கீழே புகுந்து எதனையும் கழற்றுமுன் இத்தளர்வைப் பார்த்தல் வேண்டும். கம்பியின் நட்டைச் சிறிது திருப்பியதனாலேயே நோய் தீர்ந்து, புதிய தட்டு வாங்க வந்தவர் பணத்தோடு வீடு திரும்பியதும் உண்டு.

இரண்டாவது, விடாமை. மிதியை முற்றாக மிதித்தும் பின்கியர் கரகரவென்று அரைபடும். தளர்வு மிகுதல், தட்டு வளைதல், வரிப்பற்கள் துருவேறித் தட்டு வழுக்காமை ஆகியன இதற்குக் காரணங்கள். கிராங்குத் தண்டின் முனைத் துளையில், கியர்ப்பெட்டித் தண்டின் நுனியைத் தாங்கும் சிறு புஷ் இறுகிப் போதலும் ஒரு காரணமாகும்.

மூன்றாவது, புறப்படும்போது அதிர்தல். எண்ணெயினாலும், பிளைவீலின் முகக் கேட்டினாலும், எஞ்சினைத் தாங்கும் இறப்பர்கள் நைந்தமையாலும் இஃது உண்டாகும். கிளச்சின்மேற் பழி போடுமுன் அவ்விறப்பர்களைக் கையால் அசைத்துப் பார்த்தல் நன்று.

மொறிஸ் மைனரிற் கிளச்சை மூடிநிற்கும் மணி வடிவான உறையின் அடியிற் சிறு துளையொன்று உளது. அத்துளையிற் பிளவூசியொன்று தளர்வாகத் தொங்கும். வண்டி ஓட ஓட அஃது ஆடித் துளை அடைபடாமற் காக்கும். அவ்வூசியின் நுனியைப் பாருங்கள். அங்கே எண்ணெய் சொட்டுமாயின் உள்ளே எண்ணெய் புகுந்துள்ளது என்பது தெளிவு. இவ்வண்டியில் எஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் ஒரே இன எண்ணெயே ஊற்றப்படுவதால், மணத்தால் வேறுபாடு அறிதல் கடினம்; நிறத்தால் அறியலாம். கரியதாயின் பெரும்பாலும் எஞ்சினிலிருந்து வருவது. தெளிந்ததாயிற் கியர்ப்பெட்டியிலிருந்து வருவது.

எமது பிழை ஒன்று

இவ்விடத்தில் எம் பிழையொன்றனை ஒளியாது கூறுதல் கடமை. பல ஆண்டுகளின் முன் வெங்காயச் செய்கையாளர் ஒருவர் தம் பிக்கப்பை எம்மிடம் கொணர்ந்தார். கிளச்சு வழுக்கியது. கழற்றிப் பார்த்தோம், தட்டு எண்ணெயில் ஊறியிருந்தது. பழைய எஞ்சின்தானே, சிறிது எண்ணெய் கசிவது இயல்பே என எண்ணி, உறையைத் துடைத்துப் புதிய தட்டை இட்டு அனுப்பினோம். இரண்டு மாதம் செல்லுமுன், அறுவடை நாளிலே, சுன்னாகச் சந்தைக்கு வெங்காயம் ஏற்றிச் செல்லும் வழியில் வண்டி நகர மறுத்தது. அன்று விடியச் சந்தைக்குப் போகவேண்டிய வெங்காயத்தை, தெருவோரத்தில் வந்து நின்ற வியாபாரி கேட்ட விலைக்கே அவர் கொடுத்துவிட்டு வந்தார். எம்மை ஒரு சொல்லும் கடிந்துரைத்தாரல்லர். “தம்பி, இன்னொருக்காப் பாருங்கோ” என்று மட்டும் கூறினார்.

மறுபடியும் பார்த்தோம். அவ்வெஞ்சினின் பின்முனையில் இறப்பர் அடைப்பு எதுவும் இல்லை. தண்டில் வெட்டப்பட்ட திருகுவரியொன்றே, கசிய வரும் எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்புகின்றது. எஞ்சினுள்ளே அமுக்கம் மிகுந்தால் அத்திருகுவரி தோற்றுவிடும். அவ்வமுக்கம் வெளியேறுதற்கென அமைந்த மூச்சுக் குழாயைக் கழற்றிப் பார்த்தபோது, அதனுள்ளே குளவி மண்கூடு கட்டியிருந்தது. வண்டி சிலகாலம் ஓடாது நின்றபோது அது கட்டியது போலும். மேன்மூடியிலிருந்து செல்லும் மற்றைக் குழாயும் பிசினால் அடைபட்டிருந்தது. இரண்டையும் துப்புரவாக்க ஒரு மணி நேரமும் செல்லவில்லை. அதன் பின் இட்ட தட்டுப் பல்லாண்டு நின்றது. இரண்டாம் வேலைக்குக் கூலி வாங்கிலேம். ஆனால், அன்று அவர் இழந்த விலையை எம்மால் மீட்டுக்கொடுக்க முடியவில்லை. அந்நாள் தொட்டு, தட்டைக் காணுமுன் மூச்சுக் குழாயைக் காண்பது எம் வழக்கமாயிற்று.

ஆயத்தமும் பாதுகாப்பும்

வண்டியைச் சமதரையிலே, சீமெந்துத் தரையாயின் மிக நன்று, நிறுத்துக. பின்சில்லுகளுக்குக் கட்டை இடுக. முன்பக்கத்தை ஜக்கால் உயர்த்தியபின், உறுதியான தாங்கு கால்களின்மேல் இறக்குக. ஜக்கை மட்டும் நம்பியோ, அடுக்கிய சீமெந்துக் கல்லை நம்பியோ வண்டியின் கீழே புகுதல் உயிருக்கு உலை. கல் பாரத்தில் முன்னறிவிப்பின்றிப் பிளக்கும். தாங்கு கால் இல்லையெனின், வேலையை மற்றொரு நாளைக்குத் தள்ளிவைக்க.

மற்றோர் ஆபத்துக் கண்ணுக்குத் தெரியாதது. பழைய கிளச்சுத் தட்டுக்களின் உராயும் பொருளிற் கல்நார் சேர்க்கப்பட்டிருந்தது. உறையினுள்ளே படிந்திருக்கும் கரிய தூளில் அது கலந்திருக்கக்கூடும். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் விளைப்பன என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. அந்நோய் பல பத்தாண்டுகள் கழித்தும் வெளிப்படலாம். எம் இளமையில் அத்தூளை வாயால் ஊதியும், காற்றுக் குழாயால் அடித்தும் போக்கினோம்; தீங்கு அறியாமற் செய்தது அது. இன்று அறிந்த பின்னும் அவ்வாறு செய்தல் தகாது. தூளை நீரால் நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, அத்துணியைப் பையிலிட்டுக் கட்டி அகற்றுக. நுண்துகள் தடுக்கும் முகமூடி அணிக. வேலை செய்த உடுப்போடு வீட்டினுட் சென்று பிள்ளைகளைத் தூக்கற்க.

கழற்றும் முறை

பற்றரியின் நிலத்தொடுப்பை முதலில் அகற்றுக. கியர்ப்பெட்டி எண்ணெயை வடித்துவிடுக. இல்லையெனின், செலுத்து தண்டை உருவும்போது அது முகத்தின்மேல் ஒழுகும். பின்னர் இருக்கையையும் விரிப்பையும் எடுத்து, தரையில் கியர்ப்பெட்டியை மூடிய தகட்டின் திருகாணிகளைக் கழற்றுக. உப்புக்காற்றுள்ள நம் ஊரில் அவை துருவேறியிருக்கும். முதல்நாள் மாலையே துரு இளக்கும் எண்ணெயை இட்டுவைத்தல் தலையுடையாமற் காக்கும்.

கியர்த் தடி, வேகமானியின் கம்பி, ஸ்ராட்டர் மோட்டார், கிளச்சு மிதியிலிருந்து வரும் கம்பி, புகைக்குழாயின் இணைப்பு ஆகியவற்றை ஒழுங்காக அகற்றுக. ஒவ்வொரு தொகுதி போல்ட்டையும் தனித்தனிப் பேணியிலிட்டுப் பெயரெழுதி வைக்க. செலுத்து தண்டு பின்னச்சோடு சேரும் இடத்தில் இரு முகங்களுக்கும் குறுக்கே கோடு கீறிய பின்னரே போல்ட்டுகளைக் கழற்றுக. மீளப் பூட்டும்போது அக்கோடுகள் பொருந்தவேண்டும். அன்றேல், முன்னிருந்த சமநிலை கெட்டு அதிர்வு தோன்றலாம்.

அடுத்து, எஞ்சினின் பின்புறத்துக்கு மரக்கட்டை வைத்து ஜக்கொன்றால் முட்டுக்கொடுக்க. கியர்ப்பெட்டிக்கு மற்றொரு ஜக்கு வேண்டும். கியர்ப்பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை அகற்றியபின் எஞ்சின் பின்னோக்கிச் சரியும். ஆதலின், சிறிது சிறிதாக இறக்கி, றேடியேற்றர்க் குழாய்களும் விசிறியும் காபுரேற்றர்க் கம்பிகளும் இழுபடாமல் ஒருவர் மேலே நின்று பார்த்துக்கொள்ளல் வேண்டும். இவ்வேலைக்கு இருவர் தேவை. தனியே செய்ய முயலுதல் அறிவன்று.

உறையின் போல்ட்டுகள் யாவும் நீங்கியபின், கியர்ப்பெட்டியை நேர்கோட்டிலே பின்னோக்கி இழுக்க. தண்டு தட்டிலிருந்து முற்றாக விடுபடும்வரை அதன் பாரத்தை எப்போதும் ஜக்கே தாங்கவேண்டும். இதன் காரணத்தைப் பூட்டும்போது கூறுவோம்.

ஆராயும் முறை

இப்போது பழைய உறுப்புக்கள் தம் வரலாற்றைத் தாமே சொல்லும். பொறுமையுடன் பார்க்கவேண்டிய கட்டம் இது.

தட்டின் இரு முகங்களும் ஒரேயளவு தேய்ந்து உலர்ந்திருப்பின், அது தன் ஆயுளை முடித்துக்கொண்டது எனலாம். எண்ணெய் பளபளத்தால் அதன் ஊற்றைத் தேடுக. தறையாணித் தலைகள் வெளிப்பட்டிருந்தாற் பிளைவீலிலும் கீறல் இருக்கும். பிளைவீலின் முகத்தை நகத்தாற் தடவிப் பார்க்க. நகம் தடைப்படும் கீறலும், நீலம் பாரித்த இடங்களும், மயிரிழைபோன்ற வெடிப்புக்களும் உளவாயின், கடைச்சற் பட்டறையில் அம்முகத்தைச் சீவுவித்தல் வேண்டும். வெடிப்பு ஆழமாயின் வேறு பிளைவீலே தேவை.

அழுத்தத் தட்டு, கிளச்சுத் தட்டு, திறஸ்ற் பெயரிங் ஆகிய மூன்றையும் ஒருங்கே மாற்றுவதே முறை. ஒன்றன் விலையை மிச்சம் பிடிக்கப்போய், ஒரு நாள் உழைப்பை இரட்டிப்பாக்கிக்கொள்வோர் பலர். இவ்வண்டியின் பெயரிங் குண்டுகள் உடையதன்று, கரியாலாகிய வளையமே. தளர்வு இல்லாத மிதியும், எப்பொழுதும் மிதியின்மேல் கால் வைத்திருக்கும் ஓட்டுநரும் அதனை விரைவில் தேய்த்துவிடுவர்.

கிராங்குத் தண்டின் முனைப் புஷ்ஷில் விரல்நுனியை விட்டு, அது நீள்வட்டமாகத் தேய்ந்துள்ளதா எனப் பார்க்க. கியர்ப்பெட்டித் தண்டின் வரிப்பற்களில் துருவும் படிக்கட்டுப் போன்ற தேய்வும் உளவா எனவும் பார்க்க. புதிய தட்டை அத்தண்டில் இட்டு வழுக்கிப் பார்த்தல் மிக இன்றியமையாதது. கடையிற் தந்த தட்டின் பற்கள் பொருந்தாவிடின், அதனை அறியவேண்டிய நேரம் இதுவே. எல்லாவற்றையும் பூட்டியபின் அன்று.

மூச்சுக் குழாய்களை நாம் மறவோம்.

பூட்டும் முறை

முதலாவது, தூய்மை. புதிய அழுத்தத் தட்டின்மேல் துருப்பிடியாமல் பூசிவைத்த எண்ணெய் இருக்கும். அதனையும் பிளைவீலின் முகத்தையும் பிறேக்குப் பாகங்கள் கழுவும் திரவத்தாற் துடைத்து உலரவிடுக. அத்திரவத்தின் அருகே தீ ஆகாது. பின்னர் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. கிறீஸ் படிந்த பெருவிரல் தட்டில் பதிந்தால், மேலே நாம் கணித்த உராய்வுக் குணகம் அவ்விடத்தில் அப்போதே குறையத் தொடங்கும். வரிப்பற்களில் மட்டும் வெப்பந்தாங்கும் கிறீஸை மிகச் சிறிதளவு பூசி, மிகுதியைத் துடைத்துவிடுக. மிகுதியாகப் பூசினால் அது சுழற்சியால் வீசப்பட்டுத் தட்டைச் சென்றடையும்.

இரண்டாவது, பக்கம். தட்டின் நடுக்குடத்தின் ஒரு பக்கம் நீண்டு நிற்கும். அப்பக்கம் கியர்ப்பெட்டியை நோக்கவேண்டும். மாறி இடின், குடம் பிளைவீலின் போல்ட்டுத் தலைகளில் முட்டும்; கிளச்சு விடாது. எம்மிடம் தொழில் பழகிய இளைஞர் ஒருவர் மாறி இட்டு, முழுவண்டியையும் பூட்டி முடித்தபின் அறிந்தார். அவர் இன்று தம் மாணாக்கருக்கு இதனையே முதற்பாடமாகச் சொல்கின்றார்.

மூன்றாவது, நடுநிலை. அழுத்தத் தட்டை இறுக்குமுன், கிளச்சுத் தட்டின் நடுவும் முனைப் புஷ்ஷின் நடுவும் ஒரே கோட்டில் அமைதல் வேண்டும். இறுக்கியபின் தட்டு அசையாது. நடுப் பிசகினால் கியர்ப்பெட்டி உள்ளே புகாது. இதற்குப் பழைய கியர்ப்பெட்டித் தண்டொன்று மிகச் சிறந்த கருவி. அஃது இல்லாதபோது, பாலை மரத்திற் கடைந்த கோலொன்றைப் பயன்படுத்தி வந்துள்ளோம். நுனி புஷ்ஷின் அளவும், நடு தட்டின் துளையின் அளவும் கொண்டதாக அதனைக் கடைவித்தல் வேண்டும்.

நான்காவது, இறுக்கம். போல்ட்டுகள் யாவற்றையும் கையால் முளையவிட்டபின், எதிரெதிரானவற்றை மாறிமாறி, ஒவ்வொரு முறையும் அரைச் சுற்றளவே இறுக்குக. விற்களின் விசை ஒரு பக்கத்தில் மட்டும் சேர்ந்தால் மூடி வளையும். வளைந்த மூடி நேராகாது, அதிர்வாக வெளிப்படும். இறுதியில் வண்டியின் கைந்நூல் கூறும் அளவுக்கு, முறுக்கம் காட்டும் சாவியால் இறுக்குக. நெம்புகோல்களின் உயரம் பட்டறையிலேயே அளந்து வைக்கப்பட்டது. அதன் நட்டுக்களைத் தொடற்க.

ஐந்தாவது, பெயரிங். கரி வளையத்தைக் கவருக்கோலில் வைத்து, இரு பக்க வில்லூசிகளும் முற்றாகப் பொருந்தினவா எனப் பார்க்க. கரியில் எண்ணெயும் கிறீஸும் பூசலாகாது.

ஆறாவது, கியர்ப்பெட்டியை ஏற்றுதல். முழு வேலையிலும் தட்டுக்கள் பழுதாவது பெரும்பாலும் இக்கணத்திலேயே. தண்டின் நுனி தட்டினுள்ளே புகுந்ததும், களைத்த கைகள் சற்று ஓய விரும்பும். அப்போது கியர்ப்பெட்டியின் முழுப் பாரமும் மெல்லிய தட்டின்மேல் தொங்கும், தட்டு வளையும். வளைந்தது கண்ணுக்குத் தோன்றாது. மறுநாள் கியர் அரைபடும்போதே தெரியும். அப்போது யாவரும் பாகம் விற்ற கடையையே நோவர். ஆதலின், ஜக்கின் உயரத்தைச் சரிசெய்து, உறையின் இருபக்கத் துளைகளிலும் நீண்ட ஆணிகள் இரண்டை வழிகாட்டியாக இட்டு, நேராகத் தள்ளுக. பற்கள் பொருந்தாவிடின், கியரொன்றில் விட்டுப் பின்தண்டைக் கையாற் சிறிது திருப்புக. உறையின் முகமும் எஞ்சினின் முகமும் கையழுத்தத்தாலேயே கூடவேண்டும். இடைவெளி இருக்கும்போது போல்ட்டை முறுக்கி இழுத்தல் பெரும் பிழை. உறை வெடிக்கும், அல்லது தட்டு நசியும். பதறாத காரியம் சிதறாது என்று நம் முன்னோர் கூறியது இவ்வேலைக்கு முற்றும் பொருந்தும்.

ஏனையவற்றைக் கழற்றிய ஒழுங்கின் மறுதலையாகப் பூட்டுக. கியர்ப்பெட்டிக்கு எண்ணெய் ஊற்ற மறவற்க. இவ்வண்டியின் கியர்ப்பெட்டிக்கு எஞ்சின் எண்ணெய் வகையே உரியது. பின்னச்சுக்குரிய கனத்த எண்ணெய் ஆகாது. உறையின் அடித்துளையில் புதிய பிளவூசியைத் தொங்கவிடுக.

இறுதியாக, மிதியின் தளர்வைக் கைந்நூல் அளவின்படி வைக்க. தட்டுத் தேயத் தேய இத்தளர்வு கூடும் எனச் சிலர் எண்ணுவர். உண்மை அதற்கு மாறானது. தட்டு மெலிய, அழுத்தத் தட்டுப் பிளைவீலை அணுகும், நெம்புகோல்களின் உள்முனைகள் பின்னே வந்து பெயரிங்கை நெருங்கும், தளர்வு குறையும். ஆகவே, தளர்வை அடிக்கடி பார்த்துச் சரிசெய்வதே கிளச்சின் ஆயுளைக் காக்கும் எளிய வழி.

ஓட்டிப் பார்த்தல்

வண்டியைத் தரையில் இறக்கியபின், மிதியை மிதித்துக் கியர்கள் ஓசையின்றி விழுகின்றனவா எனப் பார்க்க. பின் வெறும் வண்டியாகச் சமதரையில் ஓட்டுக. முதற் சில நூறு கிலோமீற்றருக்குப் பெரும்பாரம் ஏற்றுதலையும், ஏற்றத்தில் அரைக்கிளச்சில் வண்டியைத் தாங்கி நிறுத்துதலையும் தவிர்க்க. புதிய முகங்கள் ஒன்றோடொன்று பழகுதற்கு அக்காலம் வேண்டும். அதன்பின் தளர்வை மறுபடி அளந்து, பிளவூசியின் நுனியையும் பார்த்துவிடுக. அது உலர்ந்திருப்பின் வேலை நன்கு முடிந்தது.

முடிவுரை

இவ்வேலையிற் கூறிய படிகளுள் எதுவும் அரிய கலையன்று. உராய்வு விதியும், நெம்புகோல் விதியும், கல்லூரி வகுப்பிலே யாம் கரும்பலகையிற் கண்டவையே. அன்று பரீட்சைக்காகப் படித்தோம். அவற்றின் பொருளை வண்டியின் கீழே முதுகு கிடத்தியபோதே உணர்ந்தோம். படிப்பிற் சிறந்தோர் கைவேலையை இழிவென்று கருதாதும், கைவேலையில் தேர்ந்தோர் காரணம் வினாவும் பழக்கத்தைக் கைவிடாதும் இருப்பாராயின், இரு திறத்தாருக்கும் நன்மையுண்டு.

அன்று தெருவோரத்தில் வெங்காயத்தை விலை குறைத்து விற்ற பெரியவர் இன்றில்லை. அவருடைய வண்டி அவர் மகனிடம் இருக்கின்றது. ஆண்டுதோறும் மழைக்காலம் தொடங்குமுன் அவர் எம்மிடம் வருவார். மிதியின் தளர்வைப் பார்ப்போம். மூச்சுக் குழாயைக் கழற்றிக் குளவி புகுந்ததா எனப் பார்ப்போம். கால்மணி நேர வேலை. இதனை இம்மலர் வழியே எம் கல்லூரிச் சகோதரருக்கும் இளைய மாணவருக்கும் சொல்லி வைத்தோம் என்னும் நிறைவோடு, எம்மை ஆளாக்கிய கல்லூரி நீடு தழைக்க என இறைவன் திருவடியை வணங்கி அமைகின்றோம்.